உடையாத பல்பு

அன்புள்ள மகள் பெவர்லிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். அப்பா நலம் என்று அப்பாவே சொல்லிக்கொள்கிறார். நெல்சன் நலம் என்று மிருக டாக்டரம்மா சொல்கிறாள். இந்த மூன்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி டாம்சினும் கனடாப் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிறுதோறும் திரையில் முகம் பார்த்துக்கொள்கிறோமே, இந்த அம்மா எதற்குக் காகிதமும் தபால்தலையுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். டேப்லெட் உன் அப்பாவின் கையில் இருக்கிறது, வீட்டு போன் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வீட்டு ட்ரெவர் தன் போனைத் தருகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன். பாதியில் நீ அழுதால் மீதியை என்னால் சொல்ல முடியாது. காகிதம் அழாது. ஆகையால் முழுவதையும் படி, நடுவில் எழுந்து போன் செய்யாதே.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பழைய சுரங்கத்து மேட்டில் இன்னும் வீடு கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மீனும் சிப்ஸும் விற்கிற கடையில் விலையை ஏற்றிவிட்டு மீனைச் சிறிதாக்கிவிட்டார்கள். ட்ரெவர் இரண்டாவது முழங்காலையும் மாற்றிக்கொண்டு, புதுக் கார் வாங்கியவன் மாதிரி தெருவில் நடந்து காட்டுகிறான். நம் ஆமை நெல்சனுக்கு இலை உதிர்கிற நேரத்தில் மூக்கு ஒழுக ஆரம்பித்தது உனக்குத் தெரியும். வழக்கமாக இந்த மாதத்தில் அவன் கராஜில் உன் பழைய ஃபிரிட்ஜுக்குள் பெட்டியில் குளிர்காலத் தூக்கம் தூங்கிக்கொண்டிருப்பான், உன் அப்பா தினமும் கதவைத் திறந்து காற்றாட விட்டு, தூங்குடா ராசா என்று சொல்லிவிட்டு வருவார். (முட்டை போட்டு இத்தனை வருஷமாகியும் அவன் நமக்கு அவன்தான்.) இந்த வருஷம் சீக்கோடு தூங்கவைத்தால் எழுந்திருக்கவே மாட்டான், குளிர்காலம் முழுக்க விழித்திருக்கட்டும், வீட்டுக்குள் வெளிச்சமும் சூடும் கொடுங்கள் என்று டாக்டரம்மா மிஸ் ஹார்ட்லி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உன் அப்பா உன்னுடைய பழைய அலமாரியைப் படுக்கப் போட்டு, மண் நிரப்பி, பின்னறையில் அவனுக்கு ஒரு மாளிகை கட்டினார். அதே அறையில்தான் கேனரிக் குருவிகளும் இருந்தன. தோட்டத்துக் கொட்டகை வரை நடந்தாலே அவருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, அதனால் மிச்சமிருந்த மூன்றையும் கூண்டோடு உள்ளே கொண்டுவந்திருந்தார்.

முதலில் ட்ரெவர் கொடுத்த சூட்டு விரிப்பை மண்ணுக்கு அடியில் போட்டார். நீதான் கத்தினாய், ஆமைக்கு வயிற்றுப் பக்கச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துபோனாலும் நகராது, வெயில் மேலிருந்து வருகிற மாதிரி சூடும் மேலிருந்துதான் வர வேண்டும் என்று. சரியென்று சாதாரண பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். அது எப்படி முடிந்தது என்பதை நீயே திரையில் பார்த்தாய். குளிப்பாட்டுகிற தொட்டியில் நெல்சன் உதைத்த தண்ணீர் தெறித்து, பல்பு வெடித்து, அவன் ஓட்டின் மேலெல்லாம் கண்ணாடித் தூள். ஓட்டு விளிம்பில் அந்தத் துளை இருக்கிறதே, நீ சிறுமியாக இருந்தபோது கயிறு கட்டுவதற்காக அப்பா போட்டது, அதற்குள்ளேயும் ஒரு சில்லு கிடந்தது. நீ அழுதாய். அழுத கையோடு உடையாத பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பிவைத்தாய். ஓட்டல்களில் சாப்பாடு ஆறாமலிருக்க மேலே தொங்கவிடுவார்களாம், உடைந்தாலும் கண்ணாடி சிதறாமல் இருக்க மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறதாம். பெட்டியில் பெரிய எழுத்தில் ‘பாதுகாப்பானது’ என்று போட்டிருந்தது. உன் அப்பா அந்தப் பெட்டியை ட்ரெவருக்குக் காட்டினார், தபால்காரருக்குக் காட்டினார், என் மகள் அனுப்பியது என்று. பெவ், இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ நல்லதைத்தான் செய்தாய். மேலே படிக்கும்போது இதை மறந்துவிடாதே.

மாட்டிய அன்றே ஒரு வாசனை வந்தது. புது வாணலியை வெறுமனே அடுப்பில் காயவிட்டால் வருமே, அந்த மாதிரி, ஆனால் அதைவிட லேசாக. புதுச் சாமான் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். மதியச் சாப்பாடு முடிந்து தட்டை எடுக்கப் போனேன், குருவிகளின் பாட்டு நின்றுபோயிருந்தது. ஆண் கேனரி கூண்டின் தரையில் கிடந்தது. உன் அப்பாவின் முகத்தை அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கிழவர் முகம் போய், பூமிக்கு அடியில் நிற்கிற ஒருவனின் முகம் வந்துவிட்டது. கத்தவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. “பறவ விழுந்துடுச்சு டொரீன். வெளிய நட. கோட்டு எடுக்காத. ஓடாத, நட” என்றார். அப்பா வேலை பார்த்த சுரங்கத்தில் அதுதான் சட்டம் என்று நீ சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருக்கிறாய். பறவை விழுந்தால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு நடக்க வேண்டும், ஓடுகிறவன் அதிகம் மூச்சிழுப்பான், அதிகம் மூச்சிழுக்கிறவன் முதலில் விழுவான். சுரங்கத்தை மூடி எவ்வளவு காலமாகிவிட்டது, ஆனாலும் அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் அவர் கால்கள் தாமாக நடந்தன. வீட்டுச் செருப்போடு ஆலங்கட்டி மழையில் தெருவில் நின்றோம். நெல்சன் உள்ளே இருக்கிறான், நெல்சன் உள்ளே இருக்கிறான் என்று அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ட்ரெவர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, அவனையும் மற்ற இரண்டு பறவைகளையும் வெளியே கொண்டுவந்தான். வந்த வேகத்தில் விளக்கின் சுவிட்சையும் தட்டி அணைத்துவிட்டு வந்திருக்கிறான், அது எங்களுக்கு அப்போது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

காஸ் கம்பெனி ஆள் வந்தான். கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தான், வீட்டைச் சூடாக்குகிற பாய்லரைக் கழற்றிப் பார்த்தான், சுத்தமாக இருக்கிறது, எங்கேயும் கசிவு இல்லை என்றான். உன் அப்பா விடுவாரா. தம்பி, உங்க பெட்டி சொல்றத நம்பணுமா, செத்த பறவ சொல்றத நம்பணுமா என்று கேட்டு, பாய்லரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் எந்தக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். பறவை விழுந்தால் விஷ வாயு, வீட்டுக்குள் விஷ வாயு என்றால் பாய்லர், இதைத் தாண்டி எங்கள் யார் மண்டையும் போகவில்லை. பாய்லர் நின்றதும் வீடு கல்லறையாகக் குளிர்ந்துவிட்டது. சூடு இருந்த ஒரே இடம் நெல்சனுடைய விளக்கு. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பின்னறைக் கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் சுருட்டி அடைத்து, நாற்காலிகளை விளக்குப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நெல்சனுக்குச் சூடு போதாது என்று உன் அப்பா அதை இன்னும் கீழே இறக்கிக் கட்டினார். சாயங்காலம் இரண்டு பேருக்கும் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் ஒரு இறுக்கம். தெருவில் நனைந்ததால் வந்த சளி என்று சொல்லிக்கொண்டு, தேனும் எலுமிச்சையும் குடித்துவிட்டு, மறுபடியும் போய் அதே அறையில் உட்கார்ந்தோம். நெல்சன் மட்டும் விளக்குக்குக் கீழே வரவே இல்லை. எதிர் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஓட்டைத்தான் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அது சீக்கு என்று நினைத்தோம்.

பாய்லர் நின்றுவிட்டது, இனிமேல் பயமில்லை என்று உன் அப்பா ட்ரெவர் வீட்டிலிருந்து மற்ற இரண்டு பறவைகளையும் திரும்பக் கொண்டுவந்தார். காலையில் விளக்கைப் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றினேன். தேநீர் ஆறவில்லை, இரண்டும் விழுந்துவிட்டன. இந்தத் தடவை அவர் சொல்வதற்குள் நானே நடந்துவிட்டேன், நெல்சனைக் கையில் எடுத்துக்கொண்டு. ட்ரெவரின் காரில், மடியில் வெந்நீர்ப் பையும் அதன் மேல் அவனுமாக மிஸ் ஹார்ட்லியிடம் போனேன். அவள் அவன் மூக்கைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பேச்சுக்குப் பேச்சாகப் பறவைகளைப் பற்றிச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது. வீட்டில் புதிதாக ஏதாவது சூடாகிறதா, ஒட்டாத வாணலி, பூச்சு பூசிய பல்பு, அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டாள். நான் பெட்டியில் போட்டிருந்ததை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். இனி ஒரு தடவைகூட அதைப் போடாதீங்க என்றாள். உடையாமல் காக்கிற அந்தப் பூச்சும் நான்-ஸ்டிக் வாணலியின் பூச்சும் ஒரே சாதியாம். அளவுக்கு மேல் சூடேறினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புகையை விடுமாம். பறவைகளின் நெஞ்சு அதைத் தாங்காது, மனிதருக்கு ஃப்ளூ மாதிரி வந்து போகும், ஆனால் ஏற்கெனவே கெட்ட நெஞ்சாக இருந்தால் வந்தது போகும் என்று சொல்ல முடியாது என்றாள். ஆமைக்கு என்ன செய்யும் என்று கேட்டேன், எனக்கே சரியாகத் தெரியாது என்றாள். தெரியாது என்று சொன்னதாலேயே மற்றதை நம்பினேன். அந்தப் பெட்டியும் பொய் சொல்லவில்லை, பெவ். சாப்பாட்டில் கண்ணாடி விழாது, அதற்கு அது பாதுகாப்புதான். மூச்சுக்கு என்று அவர்கள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

இப்போது அவனுக்குச் சரியான ஏற்பாடு செய்தாகிவிட்டது. வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் குமிழ் ஒன்று, அதற்குப் பீங்கான் ஹோல்டர், பிளாஸ்டிக் என்றால் உருகி விழுமாம். சுற்றிலும் கம்பிக் கூடு. கவ்வியை நம்பாமல் கூரையில் கொக்கி அடித்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறான் ட்ரெவர், கவ்வி வழுக்கி மண்ணிலோ வைக்கோலிலோ விழுந்து எத்தனையோ வீடு எரிந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாள். சூடு ஏறினால் தானே நிறுத்துகிற ஒரு பெட்டி. வெயிலுக்குப் பதிலாக நீளமான குழல் விளக்கு, நடுவில் கண்ணாடி எதுவும் இருக்கக் கூடாது. அதை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும், எரிகிற மாதிரியே இருக்குமாம், ஆனால் அவனுக்கு வேண்டிய சத்து அதிலிருந்து தீர்ந்துபோயிருக்குமாம். பாய்லரையும் மறுபடி போட்டாகிவிட்டது. நெல்சன் ட்ரெவர் வீட்டுத் தொட்டியில் முளைத்த கீரையை மென்றான், மூக்கும் பாதி காய்ந்துவிட்டது. இதோடு நிறுத்தி, நிம்மதியாக இரு கண்ணு என்று கையெழுத்துப் போட்டுவிட எனக்கும் ஆசைதான்.

ஆனால் உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். “பாப்பாகிட்ட சொல்லாத டொரீன். அவ அனுப்பின விளக்கு. பறவைங்க குளிருல செத்துச்சு, அவ்வளவுதான்” என்றார். உன்னிடமும் அப்படித்தான் சொன்னார், நீயும் நம்பினாய். பிறகு நீ, விளக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். தங்கம் மாதிரி எரிகிறது என்றார். நீ சந்தோஷப்பட்டு, இருக்கட்டும் என்று இன்னொன்றையும் அனுப்பிவைத்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, நான் சமையலறையில் புட்டிங்குக்கு மாவு கலக்கும் நேரத்தில் அவர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வார். புட்டிங்கைப் பாரு, கருகிடப் போவுது என்று உள்ளேயிருந்தே சொல்வார். நான் மாவைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிறு ராத்திரியானால் அவருக்குப் பல் கிட்டும், போர்வை மேல் போர்வை போட்டாலும் நடுக்கம் நிற்காது, நெஞ்சு ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் போடும், செவ்வாய்க்கிழமைதான் கொஞ்சம் தணியும் என்பதுதான். என் குழம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றுகூட நினைத்தேன்.

போன ஞாயிறு உப்புப் பார்க்கச் சொல்லலாம் என்று கரண்டியோடு கதவைத் திறந்தேன். பீங்கான் குமிழைக் கழற்றிவிட்டு உன்னுடைய பல்பை மாட்டி வைத்திருந்தார். நெல்சன் அதன் அடியில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு. திரையில் நீ, எவ்வளவு கதகதப்பா இருக்கு அப்பா, அவன் முதுகு பொன்னாட்டம் மின்னுது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். குளிர் காற்று அவன் மேல் படக் கூடாதென்று ஜன்னலும் சாத்தியிருந்தது. அந்த வாசனை. உன் அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். நான் உனக்குக் கையசைத்துச் சிரித்தேன், வேறென்ன செய்ய. நீ வைத்த பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து போடாத சண்டையைப் போட்டேன். முப்பது வருஷம் இதைவிட மோசமானதை இழுத்தவன் நான், இதென்ன பண்ணும் என்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆளிடம் நான் என்ன பேசுவது? நெஞ்சு டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார், நிலக்கரித் தூசி தின்றது போக மிச்சம் இருப்பது கொஞ்சம்தான், அதை வீணாக்காதீர்கள் என்று. ஒரு பல்பைக் குப்பையில் போட்டேன், எடுத்துவந்துவிட்டார். மறுபடி பிடுங்கிக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். உள்ளே நொறுங்கியது, ஒரு சில்லு வெளியே வரவில்லை. அந்த விஷயத்தில் நீ வாங்கியது நல்ல சாமான்தான். இன்னொன்றை எங்கே ஒளித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, மாவு டப்பா தவிர எல்லா இடமும் தேடிவிட்டேன்.

உன் மனம் நோகக் கூடாது என்று அவர் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், பெவ். எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஆபத்து வந்தால் முதலில் பறவை விழும், நாம் நடந்துவிடலாம். இப்போது வீட்டில் பறவை இல்லை. அடுத்தது விழுவது அவர்தான்.

வருகிற ஞாயிறு நீ கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள், இது வந்து சேருமுன் பதறியிருந்தால் மன்னித்துவிடு. டேப்லெட்டின் சார்ஜர் ஒயர் மாவு டப்பாவுக்குள் இருக்கிறது, நான்தான் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறுக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்துப் பெண் சொன்னாள். அன்று கூப்பிடு, ஒயரை வெளியே எடுத்து வைத்திருப்பேன். சிரித்துக்கொண்டு திரையில் வருவார். பின்னால் உன் பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். நீ அழாதே, திட்டாதே, மன்னிப்புக் கேட்காதே. கேட்டாயானால் உன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பார். என் பேச்சை அவர் கேட்டதில்லை, சுரங்க மேலாளர் பேச்சைக் கேட்டதில்லை, டாக்டர்கள் பேச்சு இப்போது கேட்கவே வேண்டாம். மறு கேள்வி இல்லாமல் அவர் கீழ்ப்படிகிற சொல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் சொல்கிற மாதிரியே, குரலை உயர்த்தாமல் நீ சொல். பறவ விழுந்துடுச்சு அப்பா, வெளிய நடங்க என்று. உனக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதே அவருக்குப் புரிந்துவிடும், ஆனால் புரிவதற்கு முன்னால் கால் நடந்துவிடும். நெல்சனை நான் தூக்கிக்கொள்கிறேன். கோட்டு எடுக்கக் கூடாது என்பது சட்டம்தான், ஆனாலும் அவருடையதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்பேன்.

டாம்சினுக்கு என் முத்தம். மாப்பிள்ளையை முதுகில் கம்பளி போடாமல் பனி வாரப் போகவிடாதே. வாணலியை வெறுமனே காயவிட்டு வேறு வேலைக்குப் போகாதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
டொரீன்

பின்குறிப்பு: ஓடாதீங்க, நடங்க என்பதையும் விடாமல் சேர்த்துச் சொல். அவரால் இப்போது ஓட முடியாது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்.